பெட்டி திறக்கும் காட்சி

கியோத்தோ
1954 ஜனவரி 12

அன்புள்ள இனே அக்காவுக்கு,

அங்கே பனி கூரையை எட்டிவிட்டதா? உன் மாமனாரின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? நான் சுகம். நீ தவிட்டில் ஊறப்போட்டு அனுப்பிய மத்தி மீன் வந்து சேர்ந்தது. நான் ஜாடியைத் திறந்தேன், வீட்டுக்கார அம்மா ஜன்னலைத் திறந்தார். இந்தக் குளிரில் ஜன்னலைத் திறப்பதென்றால் எவ்வளவு கோபம் இருக்க வேண்டும், யோசித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி தலையாட்டிவிட்டது. பதினான்கு வருடம் உதவி இயக்குநராக இருந்து யார் யாருக்கோ குடை பிடித்தேன். பிறகு நான்கே வருடத்தில் ஒன்பது வாள்சண்டைப் படம். ஒன்பதிலும் கடைசியில் ஒரே ஆள் நாற்பது பேரை வெட்டிச் சாய்ப்பான். இப்போது முதல்முறையாக என் கதையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்கியிருக்கிறேன்: இயக்குநரின் பெயர் முத்திரை வைத்த சம்மதம் இல்லாமல் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒன்பது படத்துக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த கூலி அந்த ஒரு வரிதான்.

கதை இது. போர் முடிந்த இலையுதிர் காலம். மீனவன் மனைவி ஒருத்திக்கு அரசாங்கத்திடமிருந்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி வருகிறது. கணவனின் எலும்பு என்கிறார்கள். ரயிலடியிலிருந்து சுமந்து வருகிறாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து திறக்கிறாள். உள்ளே ஒரு கல். அவள் அழமாட்டாள். கல்லை எடுத்துக்கொண்டு நேராக ஊர் அலுவலகத்துக்குப் போய் மேஜைமேல் வைத்து, "இது என் புருஷன் இல்ல. அவர் எங்க?" என்று கேட்பாள். அங்கே படம் முடியும்.

நாம் இருவரும் ரயிலடியிலிருந்து நடந்து வந்த மாலை உனக்கு நினைவிருக்கும். அத்தானின் பெட்டி உன் கழுத்தில் தொங்கியது. நீ அடி வைக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உருண்டது. நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாளே நான் கியோத்தோவுக்கு ரயிலேறிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். மீதி என் கற்பனை.

அந்தத் துணியின் முடிச்சு எந்தப் பக்கம் இருந்தது, ஒற்றையா இரட்டையா என்று எழுது. தப்பாக எடுத்தால் நாடு முழுக்கப் பெண்கள் சிரிப்பார்கள்.

குளிரில் கையைப் பார்த்துக்கொள்.
ரொக்குரோ


நோதோ
ஜனவரி 27

அன்புள்ள தம்பி ரொக்குரோவுக்கு,

பனி கூரையைத் தாண்டி மூன்று நாளாகிறது. மாமனாரின் மூட்டு வலியும் அப்படியே. ஆனால் போரில் மாண்டவர்களின் குடும்பச் சங்கத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள், அதனால் வலியோடு தினம் நடந்து போகிறார். நான் நலம். வீட்டுக்கார அம்மாவிடம் சொல், எங்கள் மத்தியின் வாசனை தாங்காதவர்கள் எங்கள் ஊர் ஆளுக்கு வீடு விட்டிருக்கக் கூடாது.

சொந்தக் கதை எடுக்கிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம். உன் வாள்சண்டைப் படங்கள் ஒன்பதையும் பார்த்திருக்கிறேன். நாற்பது பேரில் ஒருவன் எல்லாப் படத்திலும் இரண்டு முறை சாகிறான், உனக்குத் தெரியுமா?

முடிச்சு முன்பக்கம். இரட்டை. கழுத்தில் மாட்டும் துணி தனி, பெட்டியைச் சுற்றிய துணி தனி. அந்தப் பெண்ணுக்குக் கறுப்பு உடை கொடுக்காதே. அந்த வருடம் யாரிடமும் நல்ல கறுப்பு உடை மிச்சமில்லை. அரிசிக்காக விற்றிருந்தோம். வேலைக்குப் போடும் கால்சட்டையோடுதான் ரயிலடிக்குப் போனோம்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அது உன் அத்தான் கென்கிச்சியின் பெயரில் குடும்பக் கல்லறைக்குள் இருக்கிறது. மாமனார்தான் வைத்தார்.

அவள் அதைத் திறக்காமல் விட முடியாதா? கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.
இனே


கியோத்தோ
மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்டுடியோ வாசலில் பிளம் பூ விட்டுவிட்டது. அங்கே பனி உருகத் தொடங்கியிருக்கும், வழுக்கி விழாதே. பதில் தாமதமானதற்குத் திட்டாதே, இருபது நாளாகப் படப்பிடிப்பு.

பெட்டி திறக்கும் காட்சியை எடுத்துவிட்டேன். செட் சாமான் பொறுப்பாளர் முதலில் பெட்டிக்குள் மரத்துண்டைப் போட்டார். பொம்மை வண்டிச் சத்தம் வந்தது. ஆற்றங்கரைக்குப் போய்ப் பொறுக்கி வந்த பதினோரு கல்லை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழுத்தில் மாட்டி நான்தான் முற்றத்தில் நடந்தேன். ஒன்பதாவது கல்லில் என் கால் தானாக நின்றுவிட்டது. அதையே வைத்தோம்.

நடிக்கிற ஒகிட்சுவும் போரில் அண்ணனை இழந்தவள். "அழ வேண்டாம்னு சொல்றீங்க. அப்ப முகத்த என்ன பண்றது?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ணாத. கல்லப் பாரு" என்றேன். பார்த்தாள். கேமராக்காரர் நிறுத்த மறந்து பிலிம் தீரும்வரை ஓடவிட்டார். அக்கா, இந்த நான்கு வருடத்தில் நான் எடுத்ததில் உண்மையானது அந்த நான்கு நிமிடம் மட்டும்தான்.

தயாரிப்பு நிர்வாகி தோயா வந்து பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டைரக்டரே, பெட்டிய மூடியே வச்சிட்டா என்ன? ஜனங்க அவங்கவங்க மனசுல திறந்துக்குவாங்கல்ல?"

"ஒம்பது வருஷமா மனசுலதான் திறந்துட்டிருக்காங்க, தோயா சார்."

போய்விட்டார். திரும்பி வருவார் என்று தெரியும். வரட்டும்.

ரொக்குரோ


நோதோ
மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

பனி உருகிக் கிணற்றடியெல்லாம் சேறு. நான் நலம். நீ இருமுகிறாயா? குளிர்காலத்தில் முற்றத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நடக்க உன்னால்தான் முடியும்.

உன் படத்தைப் பற்றிச் செய்தித்தாளில் வந்துவிட்டது. பெட்டிக்குள் கல் என்று ஒரே வரி, அதுவே போதுமானதாக இருந்தது. மாமனார் காலைச் சாப்பாட்டில் அதை மடித்து என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உன் தம்பிக்கு இத யாரு சொன்னது?"

"கற்பனை பண்ணிருப்பான் மாமா. அவன் தொழிலே அதானே."

"அந்தப் பெட்டி இருக்கிற கல்லறைக்கு முன்னால நான் தினம் கும்பிடுறேன். அதுல என் புள்ள இருக்கான்."

அவருக்கு ஒரே பிள்ளை. மறுநாள் சங்கத்தின் பெயரில் உன் கம்பெனிக்குக் கடிதம் போனது. நான்தான் தபாலில் சேர்த்தேன். கொடுத்தனுப்பினால் வேறென்ன செய்வது.

ஊரில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதெல்லாம் பெரிதில்லை.

இனே


கியோத்தோ
ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

செர்ரிப் பூ உதிர்ந்து குட்டையில் மிதக்கிறது. நீயும் வீட்டில் எல்லோரும் சுகமா?

உன் மாமனாரின் கடிதம் போல இன்னும் முப்பது சங்கங்களிலிருந்து வந்திருக்கின்றன. கம்பெனி நடுங்குகிறது. இயக்குநர் மன்னிப்புக் கேட்டு, பெட்டி திறக்கும் காட்சியையும் அலுவலகக் காட்சியையும் நீக்கச் சம்மதிக்கிறார் என்று கடிதம் அடித்து நீட்டினார்கள். மன்னிப்புக் கடிதம் நான் எழுதாததா? உதவி இயக்குநராக இருந்தபோது குதிரை ஓடிப்போனதற்கு எழுதினேன், மழை பெய்ததற்கும் எழுதினேன். இதற்கு எழுத மாட்டேன்.

"ஒரு முத்திரைதானே, டைரக்டரே. வச்சிட்டா அடுத்த படம் உடனே ஆரம்பிக்கலாம்" என்றார் தோயா.

"அடுத்தது என்ன படம்?"

"வாள்சண்டை."

"எத்தன பேரு சாகணும்?"

"இந்தத் தடவ அறுவதுன்னு மேலிடத்துல சொல்றாங்க."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், பாவம், அவருக்கும் வேலை போய்விடுமே என்று பயம். முத்திரை என்னிடம் இல்லை, ஊரில் என் அக்கா பெட்டகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இங்கே வைத்திருந்தால் குடித்துவிட்டு ஒருநாள் தொலைத்திருப்பேன், இல்லை, சோர்ந்துபோய் ஒருநாள் அந்தக் கடிதத்தில் குத்திக் கொடுத்திருப்பேன். அது உன்னிடம் இருப்பதுதான் எனக்குத் தைரியம். எனக்கு எதிராக அதை யாரும் பயன்படுத்த முடியாது.

நீ திறக்க வேண்டாமே என்று கேட்டாய். அதற்கு நான் பதில் எழுதவில்லை. திறந்தே ஆக வேண்டும் அக்கா. மூடிவைத்தால் அடுத்த போருக்கும் அதே பெட்டியைச் செய்வார்கள்.

ரொக்குரோ


நோதோ
ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

வசந்தம் நல்லபடி வந்திருக்கிறது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். கணவாய் மீன் நிறையப் பிடிபடுகிறது. மலையடியில் மூங்கில் குருத்து தோண்டினோம், கொஞ்சம் உலர்த்தி அனுப்புகிறேன். மாமனாரின் மூட்டு வலி குறைந்திருக்கிறது.

உன் வேலை உனக்கு நிலைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
இனே


கியோத்தோ
மே 9

அக்கா,

நேற்று தோயா என்னை அறைக்குள் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதத்தைக் காட்டினார். கீழே சிவப்பில் என் முத்திரை. "ரோ" எழுத்தின் ஓரத்தில் சின்ன உடைசல், அப்பா காலத்தில் நான் கீழே போட்டு உடைத்தது. போலி என்று சொல்ல வழியே இல்லை.

ஊரில் திருடன் வந்தானா? ஒரு வரியில் பதில் எழுது.

காட்சிகளை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பிலிமை ஸ்டுடியோவின் பின்பக்கம் எரித்தார்கள். பிலிம் எப்படி எரியும் தெரியுமா, கை தட்டி முடிப்பதற்குள் இருக்காது. ஒகிட்சு வேலி ஓரமாக நின்று பார்த்தாள்.

அறுபது பேர் சாகும் படத்தை நான் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்றோடு கம்பெனியில் இல்லை.

ரொக்குரோ


நோதோ
ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. உன் உடல்நிலை எப்படி என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு வரி கேட்டாய். ஆறு வாரமாக அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டிருந்தேன்.

திருடன் வரவில்லை. நான்தான் வைத்தேன்.

ஏப்ரல் 24 அன்று தோயா இனிப்புப் பெட்டியோடு வந்தார். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோயா நெற்றி பாயில் படும்படி குனிந்து சொன்னார்: "உங்க தம்பி ரோஷக்காரரு. மனசுல சம்மதம்தான், வாய்விட்டுச் சொல்ல முடியல. இந்த மாதிரி நேரத்துல வீட்டுல மூத்தவங்க முத்திர வச்சிட்டா அவரு மானமும் போகாது, பொழப்பும் போகாது. எத்தனையோ டைரக்டருங்க வீட்டுல இப்படித்தான் நடந்திருக்கு."

நம் ஊரில் இப்படி எத்தனை காரியம் முடித்திருக்கிறோம். அத்தையின் விவாகரத்துக்கு அத்தை முத்திரை வைக்கவில்லை, தாத்தா வைத்தார், எல்லோரும் நிம்மதி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்து நம்பிவிட்டேன் என்று உனக்கு எழுதலாம். ஆனால் நம்பவில்லை. உன் கடிதம் என் மடியில்தான் இருந்தது.

நீ பட்டினி கிடப்பாயே என்று பயந்தேன், அது பாதி. மீதி பாதி எனக்காக. அந்தக் காட்சி ஊரில் ஓடினால் எல்லோரும் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். "இவளும் திறந்தாளா?" என்று கேட்பார்கள். மாமனார் கேட்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எங்கே உட்காருவது?

வைத்து முடித்ததும் மாமனார், "நல்ல காரியம் பண்ணினம்மா" என்று தன் கையால் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நான் குடித்தேன், தம்பி. நன்றாகவும் இருந்தது. முத்திரை வைத்ததைவிட அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முத்திரையை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இனி அது என்னிடம் இருக்கக் கூடாது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.
இனே


கியோத்தோ
ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

கியோத்தோவின் புழுக்கம் உனக்குத் தெரியும். நான் உயிரோடு இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உன்மேல் கோபமில்லை என்று ஒரு கடிதம் எழுதினேன். பொய்யாக இருந்ததால் கிழித்துப் போட்டேன். கோபம் இருக்கிறது. ஆனால் நீ ஆறு வாரம் எடுத்து எழுதிய கடிதத்தைப் போல உண்மையான கடிதம் எனக்கு இதுவரை யாரும் எழுதியதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்காது. ஒருவர் விட்ட இயக்குநரை அடுத்தவர் எடுப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். இப்போது சுகாதாரத் துறைக்காக எலி ஒழிப்பைப் பற்றி ஒரு படம் எடுக்கிறேன். பதினைந்து நிமிடம். கேமராக்காரர் கம்பெனிக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். எலிகள் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, ஆனால் நட்சத்திரங்களை விடப் பரவாயில்லை. இதில் சேர்த்துவைத்து என் கதையை மறுபடி எடுப்பேன். பத்து வருடமானாலும் எடுப்பேன். ஒகிட்சு அதற்குள் கிழவியாகிவிட்டால் கிழவியே திறக்கட்டும்.

வெட்டிய படம் ஆகஸ்டில் உங்கள் ஊருக்கு வருகிறதாம். போகாதே. அது என் படம் இல்லை.

ரொக்குரோ


நோதோ
ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

ஒபோன் நாட்கள் முடிந்து, இறந்தவர்களை விளக்கோடு கடலுக்கு வழியனுப்பி வைத்தாயிற்று. வெயில் இன்னும் குறையவில்லை. உன் எலிகள் நலமா?

நீ போகாதே என்றாய். போனேன். வெட்டிய பிறகு அது நல்ல படமாகிவிட்டதாம். சங்கமே எல்லா விதவைகளுக்கும் டிக்கெட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு முன் இரண்டு வரிசையில் உட்கார வைத்தது. முப்பத்தோரு பேர். என் பக்கத்தில் மாமனார், மார்பில் சங்கப் பூவோடு.

அக்காவாகச் சொல்லவில்லை, நீ நன்றாக எடுத்திருக்கிறாய். அந்தப் பெண் ரயிலடியிலிருந்து நடக்கும்போது அரங்கத்தில் விசிறிகள் நின்றுவிட்டன. அந்தச் சத்தம். எனக்குப் பக்கத்தில் மாமனாரும் விசிறியை மடக்கி மடியில் வைத்தார். பிறகு அவள் உட்கார்ந்து முடிச்சில் கை வைக்கிறாள். முன்பக்கம், இரட்டை முடிச்சு. உடனே படம் ஒரு குதி குதித்தது. பெட்டி பூஜை மாடத்தில் இருக்கிறது, ஊதுபத்தி புகைகிறது, அவள் கும்பிடுகிறாள்.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே, "பாத்தியா, குடும்பப் பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்தேன் என்று பெருமை பேச மாட்டேன். பேசாப்படக் காலத்தில் கதை சொல்பவர் நிற்பாரே, திரைக்கு இடப்பக்கம், அங்கே போய் நின்றேன். படம் என் தோளில் ஓடியது.

"யாரது, உக்காருங்க. படம் பாக்க வேணாமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"நானும் பாக்கத்தான் வந்தேன். நடுவுல வெட்டி எடுத்துட்டாங்க. வெட்டுனத நான் சொல்றேன், கேளுங்க."

சொன்னேன். அவள் முடிச்சை அவிழ்த்தாள், மூடியைத் தள்ளினாள், உள்ளே ஒரு கல் இருந்தது என்று சொன்னேன். கல்லை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் என்ன கேட்டாள் என்றும் சொன்னேன். நீ எழுதியபடியேதான், ஒரு இடம் தவிர. அவள் அழமாட்டாள் என்று எழுதியிருந்தாய். அது தப்பு தம்பி. அவள் மூன்று நாள் அழுதாள், யாருக்கும் கேட்காமல்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? அதெல்லாம் டைரக்டரு கட்டுன கதை" என்றார் சங்கத்துச் செயலாளர்.

"நான் திறந்தேன். கென்கிச்சியோட பெட்டிய நான் திறந்து பாத்தேன். முட்டை அளவு கல்லு. எங்க ஊர்க் கடற்கரைக் கல்லுகூட இல்ல. திரும்ப உள்ள வச்சுக் கட்டிட்டு ஒம்பது வருஷம் வாய மூடிட்டிருந்தேன். என் தம்பி பேருல மன்னிப்புக் கடிதத்துக்கு முத்திர வச்சதும் நான்தான். அவன் யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்கல."

விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் பயந்ததற்கு நேர்மாறாக எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் மீன் ஏலக் கொட்டகையில் வேலை செய்யும் சுயே மெல்ல எழுந்தாள்.

"எனக்கு வந்ததுல காகிதம். அவரு பேரு எழுதின ஒரு துண்டுக் காகிதம், வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

"எங்க வீட்டுப் பெட்டில மணல்" என்றது பின்னால் ஒரு குரல்.

"நான் இன்னும் திறக்கல" என்றாள் ஒருத்தி. "ஆட்டிப் பாத்தேன். அதுக்கே பயமா போச்சு."

இப்படி ஒவ்வொருத்தியாக. பதினேழு பேர் பேசினார்கள், எண்ணினேன். அதன் பிறகு எண்ண முடியவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாமனார் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியேறவில்லை. வீட்டுக்கு எனக்குப் பத்தடி முன்னால் நடந்து வந்தார். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை, நான் போடும் சாப்பாட்டை மட்டும் மறுக்காமல் சாப்பிடுகிறார். போகச் சொன்னால் போவேன். இதுவரை சொல்லவில்லை.

தியேட்டர்க்காரர் இனி என்னை உள்ளே விடுவதில்லை என்று சொல்லிவிட்டார். பரவாயில்லை, இங்கே படம் முடிந்துவிட்டது. அதே பிலிம் சுருள் சனிக்கிழமை வாஜிமாவுக்குப் போகிறது, அங்கிருந்து நனாவோ. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். எந்த இடத்தில் படம் குதிக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து நின்றுவிடலாம்.

சுயேயும் வருகிறாள். வழியில் சாப்பிடச் சோற்று உருண்டை பிடித்துக்கொண்டு போவோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

இனே